இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் இடம்

ஜனவரி 9, வெள்ளி

காலை 10.42 பாசஞ்சருக்கு ரயில்வே கேட்டை அடைத்துவிட்டுக் கொடியோடு நின்றபோதுதான் கேட்டது. கம்பத்தில் இருக்கும் பழைய டெலிபோன் பெட்டிக்குள்ளிருந்து உம்மென்று ஒரு ரீங்காரம். அந்தப் பெட்டியில் டெலிபோன் இல்லாமல் போய் ஆறு வருடம் ஆகிறது. வண்டியை அனுப்பி, கேட்டைத் திறந்துவிட்டு, ஓடிப்போய்க் காதை வைத்தேன். வயர் நுழையும் ஓட்டை வழியாக ஒரு தேனீ வெளியே வந்து, என் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்று என்னைப் பார்த்தது. பிறகு வயலைப் பார்த்துப் பறந்துவிட்டது.

ஒன்பது வருடமாக இந்தக் கேட்டில் வேலை செய்கிறேன். என்னை இப்படி நின்று பார்த்துவிட்டுப் போனது அது ஒன்றுதான்.

ஜனவரி 10, சனி

ஸ்குரூ டிரைவரால் பெட்டிக் கதவை இரண்டு விரல் அளவுக்கு நெம்பினேன். உள்ளே ஐந்து அடைகள், தோசையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டது போல. மேலே முழுக்கத் தேனீ. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிப் போகிறது, யாரும் யாரையும் திட்டவில்லை. பின்னங்காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு நிமிடத்துக்கு இருபத்துமூன்று தேனீக்கள் வந்து இறங்குகின்றன. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

இதையெல்லாம் கேட் ரிஜிஸ்டரில் எழுத முடியாது. அதனால் டியூட்டி முடிந்து வரும் வழியில் இந்த நோட்டை வாங்கி, நேற்று நடந்ததையும் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

எஞ்சினியர் சார் தண்டவாள டிராலியில் வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் தோண்டும் சுரங்கப்பாதை வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தார். போகும்போது அவர் கண் டெலிபோன் பெட்டி மேல் பட்டுவிட்டது.

“பிப்ரவரி அஞ்சாம் தேதி இந்தக் கம்பத்த எடுக்க ஆள் வருது. மருந்தடிச்சுக் கொன்னுட்டுத்தான் எடுக்கணும்.”

“கொல்லாண்டாம் சார். நானே எடுத்துருதேன்.”

“எடுத்து?”

“வளக்கப்போறேன் சார்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, மூன்று நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று. சார் சிரித்தார். ஆனால் கெட்ட சிரிப்பு இல்லை.

“ரயில்வே எடத்துல எங்கயும் வைக்கக் கூடாது. குவார்ட்டர்ஸ்லயும் கூடாது. அஞ்சாம் தேதிக்குள்ள வெளிய ஒரு எடம் பாத்துக்கிடுங்க, சந்தனமாரி.”

பையிலிருந்து ஒரு படிவமும் எடுத்துக் கொடுத்தார். மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

தென்காசி உரக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் நம்பரைப் பார்த்து மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டேன். ஞானசிகாமணி என்று பெயர். முப்பது வருடமாகத் தேனீ வளர்ப்பவராம். நான் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். மரப்பெட்டி கொண்டுவந்து, அடையை வெட்டி, சட்டத்தில் கட்டித் தருவாராம்.

“எடம் மட்டும் நீங்க பாத்துக்கிடணும். இப்ப இருக்க எடத்துலேந்து ரெண்டு கிலோமீட்டராவது தள்ளி இருக்கணும், கேட்டியளா. கிட்ட வச்சா வழி தெரிஞ்சு பழைய எடத்துக்கே திரும்பிரும். நெழல் வேணும், தண்ணி வேணும், வருசம் முழுக்கப் பூ வேணும்.”

நிழல், தண்ணீர், பூ. எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிளும் இரண்டு டிரங்குப் பெட்டியும் இருக்கின்றன. சிரிப்பு வந்துவிட்டது. ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். டியூட்டி முடிந்து வந்து பால் பொங்கவைத்து, வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் இலை போட்டேன். அவர் தண்டவாள வேலையில் இருந்தவர். அவர் போன பிறகுதான் எனக்கு இந்த வேலை கொடுத்தார்கள். நன்றாக வந்திருந்தது பொங்கல், சாப்பிடத்தான் ஆளில்லை.

மகரந்தத்தோடு இன்று நிமிடத்துக்கு முப்பத்தொரு தேனீ!

ஜனவரி 17, சனி

இடம் யாரிடம் கேட்பது என்று நாலைந்து நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். இன்று காலை கேட்டை அடைத்துத் திரும்பிப் பார்க்கிறேன், எதிரே நிற்கிறார்கள் எல்லோரும்! டிராக்டர்க்காரர், மாட்டுத் தீவன வண்டி, தோப்புக்காரர், செங்கல் சூளைக்காரர். இந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது என் கேட்டில் ஆறு நிமிடம் நின்றுதான் தீர வேண்டும். ஓடவும் முடியாது.

போனேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை கேட்டில் நிற்பவர்களிடம் நானாகப் போய்ப் பேசினேன்.

“அண்ணாச்சி, ஒரு தேனீப் பெட்டி வைக்க எடம் கெடைக்குமா? ஒரு நாக்காலி அளவு எடம் போதும்.”

செங்கல் சூளைச் சுடலைமுத்து அண்ணாச்சி உடனே, “இந்தா எதுத்தாப்புல என் எடந்தான், வச்சுக்கிடுங்க தாயி,” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கேட்டிலிருந்து இருநூறு மீட்டர்கூட இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

தென்னந்தோப்புக்காரர் இடம் தருவாராம். ஆனால் தினமும் நான் வந்து தோப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். “நீங்க சும்மாதான நிக்கீங்க கேட்டுல,” என்றார். வண்டி வந்துவிட்டது. நல்ல வேளை.

10.42க்கு உலகம்மாளும் நின்றாள், எப்போதும் போல ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. இந்த அம்மாளைப் பற்றி எழுத வேண்டும். வயது ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளை ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் காய்கறி மூட்டை. மூன்று வருடத்துக்கு முன்னால் பூசணிக்காய் லோடோடு நின்றபோது, சரக்கு வண்டி தாமதமானதால் இருபது நிமிடம் கேட் திறக்கவில்லை. சந்தை முடிந்துபோயிற்று என்று என் மேல் மேலதிகாரிக்கு மனு எழுதிப் போட்டாள். நான் மூன்று பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும், “வண்டி எங்கன வருது? கண்ணுக்கே தெரியல. தெற கேட்ட!”

அவளிடம் கேட்கவில்லை.

ஜனவரி 24, சனி

கோயில் நந்தவனம். பூ கொட்டிக் கிடக்கிறது, கிணறு இருக்கிறது, தூரமும் சரியாக நாலு கிலோமீட்டர். சைக்கிளில் போகும்போதே பெட்டியை எந்த அரளிக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். நிர்வாகி, “சாமி கும்பிட வந்தவங்களக் கடிச்சா யாரு பதில் சொல்லுவா?” என்றார். அதுவும் நியாயம்தான்.

இன்னும் பன்னிரண்டு நாள்.

ஜனவரி 27, செவ்வாய்

நம்ப முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கேட் அடைத்திருந்தது. நான் ஒரு டிராக்டர்க்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஹாரன். உலகம்மாள்.

“ஏளா, இங்க வா.”

போனேன்.

“பத்து நாளா வாரவன் போறவன்கிட்டல்லாம் எடங் கேக்கெ. எங்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?”

“நீங்க தருவீங்களா?”

“தருவேன்னு சொன்னனா? ஏன் கேக்கலன்னுதான் கேட்டேன்.” பிறகு ஸ்கூட்டர் எஞ்சினை அணைத்தாள். அணைத்து நான் பார்த்ததே இல்லை. “எம் பூசணியெல்லாம் பிஞ்சுலயே வெம்பி உதிருது. பாவக்காயும் அப்படித்தான். ஈ இல்லாமப் பூ சேரலன்னு விவசாய ஆபீசர் சொல்லுதான். விடியக்காலம் நானே ஆம்பளப் பூவப் பறிச்சுப் பொம்பளப் பூவுல தேச்சுட்டு அலையுதேன், இந்த முட்டிய வச்சுக்கிட்டு. ஒன் ஈ அத செய்யுமா?”

“நாள் முழுக்கச் செய்யும்.”

“கடிக்குமா?”

“கடிக்காது… கொட்டும். எப்பவாச்சும்.”

“நாளைக்கு வந்து பாரு. குளத்தாங்கரைக்கு அங்கிட்டு. மூணு கிலோமீட்டரு.”

மூன்று கிலோமீட்டர்! வண்டி போய்விட்டது. கேட்டைத் திறக்க மறந்து நின்றிருக்கிறேன். அவள்தான் ஹாரன் அடித்தாள்.

ஜனவரி 28, புதன்

இடம் பார்த்தேன்.

குளத்துக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர். பாகலும் பீர்க்கும் பந்தலில், கீழே பூசணி. வரப்பில் முருங்கை, அகத்தி. பம்புசெட்டுத் தொட்டியில் எப்போதும் தண்ணீர். மேற்கு மூலையில் ஒரு புங்க மரம், அதன் அடியில் காலை வெயில் சாய்வாக வந்து விழுந்து, ஒன்பது மணிக்கு நிழலாகிவிடுகிறது. அங்கேயே நின்றுவிட்டேன்.

“இங்கனயா?” என்றாள்.

“இங்கனதான்.”

“மருந்தடிக்காமக் காய் வராது. அத இப்பவே சொல்லிட்டேன்.”

“சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, அதுக கூட்டுக்குள்ள போன பொறவு அடிங்க. பூவுல படாம அடிங்க.”

“எனக்கு நீ நேரஞ் சொல்லுத?” என்று முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. “கேட்டுக்காரில்லா. நேரந்தான சொல்லுவெ.”

கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன். மகன் துபாயில் இருக்கிறானாம், வீட்டுக்காரர் இறந்து எட்டு வருடமாம். எத்தனை நாள் இந்தக் கேட்டில் இருப்பாய் என்று கேட்டாள். தேனீக்களுக்கு எறும்பு ஆகாது, பெட்டி வைக்கும் தாங்கியின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். டியூட்டி இருக்கும் நாளில் தானே ஊற்றுவதாகச் சொன்னாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஞானசிகாமணி பெட்டியோடு மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. எனக்கு டியூட்டி இல்லை. ஆனால் வேலை என் கேட்டிலேயே!

டெலிபோன் பெட்டியைத் திறந்து லேசாகப் புகை போட்டார். அடைகளை ஒவ்வொன்றாக வெட்டி மரச்சட்டத்தில் வைக்க, நான் வாழைநாரால் கட்டினேன். கை முழுக்கத் தேன், கை முழுக்கத் தேனீ. உள்ளங்கையில் இருக்கும்போது அவை சூடாக இருக்கின்றன, கோழிக்குஞ்சு போல. யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. இரண்டு கொட்டு. இடது கை வீங்கி மோதிர விரல் மடங்கவில்லை. பரவாயில்லை.

“அந்தா ராணி, பாத்தியளா?” என்றார். நான் குனிவதற்குள் அது உள்ளே போய்விட்டது.

வெளியே போனதெல்லாம் திரும்பட்டும் என்று ஆறரை மணிவரை காத்திருந்து, வாசலைப் புல்லால் அடைத்து, சுடலைமுத்து அண்ணாச்சியின் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே ஒரு உறுமல். வயலில் உலகம்மாள் டார்ச்சோடு இருபதடி தள்ளி நின்றாள், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. கிட்டவே வரவில்லை. ஆனால் புங்க மரத்தடியைப் பெருக்கி, கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள்.

ராணி வெளியே வரமுடியாதபடி, மற்றவை மட்டும் போய்வரும் ஓட்டைகளோடு வாசலில் ஒரு தகடு. ஐந்து நாள் கழித்து எடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

வெளியே வந்தன! ஒவ்வொன்றும் பெட்டியைப் பார்த்துத் திரும்பி, எட்டுப் போட்டுப் பறந்து, இடத்தைப் பாடம் பண்ணிக்கொண்டு போனது. ஒன்பது மணிக்கு ஒன்று பூசணிப் பூவுக்குள் போய், மாவில் உருண்ட மாதிரி வெளியே வந்தது. “அக்கா! அக்கா!” என்று கத்தினேன். வரப்பில் ஓடிவந்தாள். இருவரும் ஒரு பூவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தகட்டை எடுத்துவிட்டேன். ராணி இனி விட்டுப் போகாது என்று நினைக்கிறேன்.

மற்றது எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன். தகட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது உலகம்மாள் அக்கா சந்தையிலிருந்து வந்தார்கள். ஸ்கூட்டர் எஞ்சினை அணைக்காமலே கேட்டார்கள்.

“சுரங்கப்பாதைய பங்குனியில தெறக்காகளாமே?”

“ஆமாக்கா.”

“கேட்ட மூடிருவாகளாமே? கான்ட்ராக்டர்காரன் சொல்லுதான்.”

“ஆமாக்கா.”

“ஒன்னய?”

“மாத்துவாங்க. விருதுநகர்ப் பக்கம். இல்லன்னா இங்க பக்கத்து ஸ்டேஷன். எங்க வேணும்னு எழுதித் தரச் சொல்லிருக்காங்க.”

“விருதுநகர்ல ஒனக்கு அண்ணன் இருக்கான்ல. சொன்னியே.”

நான் கையிலிருந்த தகட்டைத் துடைத்தேன்.

“ரெண்டு மாசத்துல போறவ எதுக்குளா எங்கிட்ட எடங் கேட்ட? நான் கேட்டனா இல்லியா, எத்தன நாள் இருப்பேன்னு? நீ எறும்புக் கத சொன்ன. இத வச்சுட்டு நீ போயிருவெ. நான் ஒத்தயில இதுகளப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும், என்ன? இனிமே நீயே வந்து தண்ணி ஊத்து. என்னால ஆவாது.”

சரி என்றேன். திங்கள், செவ்வாய், புதன் எனக்கு இரட்டை டியூட்டி என்பதைச் சொல்ல வரவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரட்டை டியூட்டி. 10.42க்கு உலகம்மாள் அக்கா நின்றார்கள். ஹாரன் அடிக்கவில்லை. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 11, புதன்

இதை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

10.42க்குக் கேட்டை அடைத்தபோது பைக்குள் செல்போன் அடித்தது. டியூட்டியில் எடுக்கக் கூடாது. வண்டி போய், கேட்டைத் திறந்து, ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பார்த்தால் ஏழு தடவை அடித்திருக்கிறது. உலகம்மாள் அக்கா.

“ஏளா, எல்லாம் வெளிய வந்துட்டு! வானம் பூரா ஈ! கிண்ணத்துல தண்ணி வத்திப்போச்சு, எறும்பு ஏறிட்டு. எந்தப்புதான், எந்தப்புதான். இப்ப முருங்கயில வந்து தொங்குது, பலாப்பழம் மாதிரி!”

ஞானசிகாமணிக்குப் போட்டேன். கொத்தாகத் தொங்கினால் ஒரு மணி நேரமும் இருக்கும், ஒரு நாளும் இருக்கும், வேறு பொந்து கிடைத்ததும் போய்விடும் என்றார். வேப்பங்குழையால் தண்ணீர் தெளித்தால் கொஞ்சம் தாமதிக்குமாம்.

கேட்டை விட்டு நான் எப்படிப் போவது? மாற்று ஆள் ராஜாமணிக்குப் போன் செய்து கெஞ்சினேன். சங்கரன்கோயிலிலிருந்து வர வேண்டும், எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் மதியம் ஒரு மணி ஆகிவிடும் என்றான். நடுவில் மூன்று வண்டி. ஒவ்வொன்றுக்கும் அடைத்தேன், கொடி காட்டினேன், திறந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை அக்கா.

“இருக்கு. தண்ணி தெளிச்சுட்டுத்தான் இருக்கேன்.”

“கிட்டயா நிக்கீங்க?”

“பொறவு? எட்ட நின்னு தெளிச்சா எட்டுமா? மூணு கொட்டிட்டு. சவம், வலிக்கி.” பிறகு, “இப்பத் தெரியுதா, கேட்டுக்கு அங்கிட்டு நிக்கது எப்படி இருக்குன்னு?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ராஜாமணி 12.50க்கே வந்துவிட்டான். அவன் பைக்கை வாங்கிக்கொண்டு போனேன். முருங்கையின் தாழ்ந்த கிளையில் கொத்து இருந்தது. கீழே அக்கா, கண் ஒன்று வீங்கி மூடிக்கிடக்க, கையில் வேப்பங்குழை.

பெட்டியைத் தட்டி எறும்பைத் துடைத்தோம். கிண்ணங்களை நிறைத்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டு வரப்பில் வைத்தேன். ஞானசிகாமணி சொல்லச் சொல்ல, அக்கா நார்ப்பெட்டியைக் கொத்துக்கு அடியில் தாங்கிப் பிடிக்க, நான் கிளையைப் பிடித்து ஒரே உலுக்கு. பொத்தென்று மொத்தமும் நார்ப்பெட்டியில் விழுந்தது. அக்கா ஒரு சத்தம் போட்டார்கள், ஆனால் கையை விடவில்லை. மரப்பெட்டியில் கவிழ்த்து மூடினேன்.

“இப்பப் பாருங்க,” என்றது போன். “வாசல்ல நாலஞ்சு நின்னு வாலத் தூக்கி றெக்கய விசிறுதா? விசிறினா ராணி உள்ள இருக்குன்னு அர்த்தம்.”

குப்புறப் படுத்துப் பார்த்தோம். ஒன்று வாலைத் தூக்கியது. அப்புறம் இன்னொன்று. பிறகு ஒரு வரிசையே நின்று விசிறியது. முருங்கையில் மிச்சம் இருந்தவை, புல்லில் விழுந்தவை எல்லாம் வாசலைப் பார்த்து நடந்தே போயின, திருவிழாவுக்குப் போகிற கூட்டம் போல.

அக்கா, “யம்மா,” என்றார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

கொட்டு: எனக்கு ஒன்பது, அக்காவுக்கு ஆறு. தகட்டை மறுபடி மாட்டியாயிற்று. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதாம், காலையில் அவர்களே போன் செய்து சொன்னார்கள்.

பிப்ரவரி 16, திங்கள்

டிராயரில் கிடந்த மாற்றல் படிவத்தைப் பூர்த்தி செய்து எஞ்சினியர் சாரிடம் கொடுத்தேன். பக்கத்து ஸ்டேஷன். அண்ணனுக்குப் போன் செய்தேன், கொஞ்சம் கோபம்தான், சரியாகிவிடும். இன்று மகரந்தம் எடுத்து வருகின்றன என்று அக்கா சொன்னார்கள். நிமிடத்துக்கு எத்தனை என்று கேட்டால், “எண்ணிட்டு இருக்க எனக்கு வேற வேல இல்லியா? பதினெட்டு,” என்றார்கள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நானாகத் தனியாக முதல் தடவை பெட்டியைத் திறந்தேன். அக்கா வழக்கம் போல இருபதடி தள்ளி நின்றார்கள். நான் ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தேன். அறைகளின் அடியில் முட்டைகள், அரிசிக் குருணை போல, அறைக்கு ஒன்று. சத்தம் போட்டேன் போலிருக்கிறது. பின்னால் சேலை சரசரத்தது. அக்கா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

“எங்கன?”

“இந்தா, வெள்ள வெள்ளயா.”

“எனக்குத் தெரியல. கண்ணாடி கொண்டாரல.” பிறகு மூச்சை இழுத்தார்கள். “ஏளா… அது என்னது? நீளமா, கருப்பா… எல்லாம் வழி விடுது பாரு!”

ராணி. இந்த நாற்பத்து நாலு நாளில் நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத ராணி. அவசரமே இல்லாமல் நடந்தது. ஒரு அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. பிடித்துவிட்டது போலும், திரும்பி வயிற்றை அதற்குள் இறக்கி, அசையாமல் இருந்தது. சுற்றி எல்லோரும் அதன் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்கள். எழுந்து அடுத்த அறைக்குப் போனது.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியாது. நேரம் தெரியாமல் நான் எழுதுவது இந்த நோட்டில் இதுதான் முதல் தடவை.

சட்டத்தை இறக்கி, பெட்டியை மூடிய பிறகுதான் பார்த்தேன். அக்கா இப்போதுதான் கொட்டு வாங்கிய என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், இறுக்கமாக. வலித்தது. நான் கையை இழுக்கவில்லை.